நான்காவது சத்தம்

செவ்வாய்க்கிழமை காலையில் என் ஷெட் வாசலை மொத்தமாக அடைத்துக்கொண்டு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளே ஏற்கெனவே இரண்டு வண்டிகள் வயிற்றைத் திறந்து போட்டபடி கிடக்கின்றன. எவன்டா அது என்று ஸ்பானரும் கையுமாக வெளியே வந்தால், என் அத்தான். பக்கத்து சீட்டில் அக்கா. வண்டி அவ்வளவு தாழ்வு, எந்தக் காலை முதலில் வெளியே வைப்பது என்று தெரியாமல் கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மாப்ளே, எப்படி?" என்றார் அத்தான், கண்ணாடியை இறக்கி.

"யாருதுங்க அத்தான்?"

"யாருதா? என்னுதுதான். சனிக்கிழமை எடுத்தேன். செகண்ட் ஹேண்ட், ஆனா பாத்தா தெரியுதா சொல்லு. பிடிக்கலன்னா பத்து நாள்ல திருப்பிக் கொடுத்துடலாமாம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. கார் வாங்கியதற்காக இல்லை. மோட்டார் என்று ஒன்று உள்ளே இருக்கிற எந்தப் பொருளும் என் காதைத் தாண்டாமல் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததில்லை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், மேசை ஃபேன் வரைக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டு, "கேட்டுச் சொல்லுடா" என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதையே அது ஒன்றுதான். அத்தான் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் யாரிடமும் என்னை மெக்கானிக் என்று அவர் வாயால் சொன்னதில்லை. "வண்டி சம்பந்தமான லைன்ல இருக்காரு" என்பார். அவர் வீட்டுக்குப் போனால் நாற்காலியைக் காட்டுவதற்கு முன்னால் சோப்பு இருக்கிற இடத்தைக் காட்டுவார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா வேண்டாம்னுதானே சொல்லுவ? நீ எந்த வண்டியத்தான் நல்லாருக்குன்னு சொல்லியிருக்க?"

"அப்போ இப்ப எதுக்கு வந்தீங்க?"

அத்தான் கைக்குட்டையை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். அக்காதான் சொன்னாள்: "சத்தம் வருதுடா."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவே பெரும்பாடாகிவிட்டது.

அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அதே சிவப்பு மையில் நான்கு சத்தங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். கிலுகிலு, பள்ளத்தில் இறங்கும்போது. கீச், கதவுப் பக்கம். ஜிர்ர்ர், வண்டி சூடான பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால். டொக், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால், எப்போதாவது. நான்காவதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு.

சத்தத்தைத் தேடுவதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் வண்டியைக் காலி செய்ய வேண்டும். பாதி சத்தம் வண்டியுடையதே இல்லை, வண்டிக்காரனுடையது. அத்தானின் குடை, தண்ணீர் பாட்டில், மூன்று பேனா, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் அள்ளி அக்காவிடம் கொடுத்தேன். அவள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டாள். சீட்டுக்கடியில் கைவிட்டால் பழைய சொந்தக்காரன் விட்டுப்போன ஒரு சென்ட் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. அதை எடுத்ததும் கிலுகிலு போய்விட்டது. கதவு ரப்பர் காய்ந்து கிடந்தது. கொஞ்சம் கிரீஸ் தடவினேன், கீச் போய்விட்டது. பத்து நிமிட வேலை.

மூன்றாவதற்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். வண்டிக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் பேசக் கூடாது. என்னிடம் வருகிற எல்லோருக்கும் இந்தச் சட்டம் தெரியும்.

அத்தான் தெரு முனை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"சூடானதும் வருதுன்னா என்ன அர்த்தம்? உலோகம் விரியுது. உனக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளு. இரும்பு இருக்குல்ல, இரும்பு..."

"அத்தான், கொஞ்சம் பேசாம ஓட்டுங்க."

"நான் பேசினா உனக்குக் கேக்காதா? அதெல்லாம் மனப்பிரமை. ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க காது மட்டும் போதாது மாப்ளே, அடிப்படை தெரியணும். நீ எட்டாம் கிளாஸோட நிறுத்தினது அதுக்குத்தான் தப்புங்கறேன்."

அப்பா படுத்த படுக்கையானபோது நான் படிப்பை நிறுத்தினேன். அக்கா காலேஜ் முடித்தாள். அது அவருக்கும் தெரியும்.

சொல்லப்போனால் அவர் சொன்னது சரிதான். வண்டி சூடானது, மிதித்தார், ஜிர்ர்ர் என்றது. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அடியில் சைலன்சர் குழாய்க்கு மேலே, சூடு உள்ளே ஏறாமல் இருக்க ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதற்குள் ஏதோ ஒரு கல் மாட்டிக்கொண்டிருக்கிறது. தகடு விரியும்போது கல் ஆடுகிறது. ஒரு கம்பியால் தட்டிவிட்டால் விழுந்துவிடும். "அத்தான், நீங்க சொன்னது கரெக்ட்" என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சொல்லியிருந்தால் என் நாக்கு அழுகிப்போயிருக்காது. ஆனால் சொல்ல வரவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பானெட்டைத் திறந்தேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். தலையை மெதுவாக ஆட்டினேன். பெருமூச்சு விட்டேன்.

"என்னடா?" என்றாள் அக்கா.

"நீங்களே கேளுங்க அத்தான்" என்று ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்தேன். உலகத்தில் எந்த இன்ஜினிலும், இன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து வந்ததாக இருந்தாலும், அப்படி வைத்துக் கேட்டால் உள்ளே நாலு பேர் சம்மட்டியால் அடிக்கிற மாதிரிதான் கேட்கும். அத்தான் காதை வைத்த மாத்திரத்தில் முகம் வெளுத்துவிட்டது.

"இன்ஜினுக்குள்ள பேரிங் தேஞ்சு போச்சு" என்றேன். "இன்னும் ஒரு மாசம் ஓடும், ஓடாது. வித்தவன் பத்து நாள் டைம் கொடுத்திருக்கான்ல? திருப்பி விட்டுடுங்க."

அக்கா டயர் மேலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "நிஜமாவாடா? அவரு ரொம்ப ஆசைப்பட்டு வாங்கினாருடா."

"நான் உன்கிட்ட பொய் சொல்லுவேனாக்கா?"

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய குடையையும் பேனாக்களையும் எடுத்து ஒவ்வொன்றாக வண்டிக்குள் வைத்தாள். அத்தான் ஹாரன் அடிக்காமல் கிளம்பிப் போனார். நான் அன்றைக்கு முழுக்க விசிலடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். நான்காவது சத்தத்தை நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது மூன்றாவதிலேயே கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் என் மனைவியும் போனோம். வாசலில் சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. திருப்பி விடவில்லையா என்று எனக்கு லேசாக உதைத்தது. ஆனாலும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

அக்கா பரிமாற ஆரம்பிப்பதற்குள் அத்தான் எழுந்து வந்து என் காலித் தட்டின் நடுவில் எதையோ வைத்தார். டங் என்று சத்தம் வந்தது. கோலி அளவுக்கு ஒரு ஜல்லிக்கல், ஒரு பக்கம் கருகியிருந்தது.

"உன் இன்ஜின் பேரிங்" என்றார்.

தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டு தொடர்ந்தார்.

"பெரிய வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். ஏசி ரூம்ல உக்கார வச்சாங்க. உக்காந்து பேப்பரைப் பிரிக்கறதுக்குள்ள கல்லை எடுத்துட்டான். இதுக்குப் போயா சார் பயந்தீங்கன்னு கேக்கறான். என் மச்சான் ஒருத்தர் இருக்காரு, காதுலயே எக்ஸ்ரே எடுப்பாருன்னு சொன்னேன். எல்லாருமா சிரிச்சாங்க."

என் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது இரண்டும் கொதித்தன. அக்காதான் சட்டென்று சொன்னாள்: "தப்பு யாருக்குத்தான் வராது? அவன் காதுல விழுந்ததைச் சொன்னான். அதைப் போய் சாப்பிடற தட்டுல வச்சுக்கிட்டு." கல்லை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். தப்பு என்று அவள் சொன்னது எனக்கு அவர் கேலி செய்ததைவிட அதிகமாகச் சுட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு தின்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் விடுகிறாரா? "வா மாப்ளே, ஒரு ரவுண்டு. இப்ப கேளு" என்று சாவியை ஆட்டினார். நாளைக் காலை எட்டு மணிக்கு அக்காவும் அவரும் இதே வண்டியில் மலை மேல் போகிறார்களாம், கல்யாண நாளுக்கு. நாலு நாள். அதையும் சொல்லிக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்.

காம்பவுண்டை விட்டு வெளியே எடுக்க ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்தார். முன் சக்கரம் வாசல் விளிம்பிலிருந்து கீழே இறங்கியது.

டொக்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தெரு முனையில் வேகத்தடை. மறுபடியும் டொக். என் காலுக்கு நேர் கீழே, இடது முன் சக்கரத்தில். அங்கே பால் ஜாயின்ட் என்று ஒரு இரும்புக் குமிழ் இருக்கிறது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். அது தேய்ந்து ஒரு நாள் கழன்றுகொண்டால் சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிவிடும், வண்டி ரோட்டில் உட்கார்ந்துவிடும், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். தெருவுக்குள் என்றால் பல்லோ மூக்கோ போகும். மலை வளைவில் என்றால் ஆளே போய்விடும்.

"நிறுத்துங்க அத்தான்."

"என்ன, அடுத்து சீட்டுல பேரிங் போச்சா?"

"விளையாடாதீங்க. முன் சக்கரத்துல பால் ஜாயின்ட் போயிருக்கு. நீங்களே எழுதி வச்சிருந்தீங்களே, நாலாவது சத்தம். ஜாக்கி போட்டு ஒரு தடவை பாத்துடறேன்."

"என் வண்டியத் தொட்ட, கைய உடைச்சிடுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. "பெரிய வொர்க்‌ஷாப்ல பாத்தாச்சு."

"அவங்ககிட்ட கல்லு சத்தத்தை மட்டும்தானே சொல்லியிருப்பீங்க? சொன்னதைத்தான் பாப்பாங்க."

"உனக்கு வயித்தெரிச்சல்டா. நான் இந்த வண்டியில உக்காந்து போறது உனக்குப் பொறுக்கல. அன்னைக்கு இன்ஜின், இன்னைக்குச் சக்கரம். நாளைக்கு நாங்க போறோம். திரும்பி வந்ததும் உன் ஷெட் வாசல்லயே நிறுத்தி ஹாரன் அடிக்கிறேன், வெளிய வந்து பாரு."

வீட்டுக்குத் திரும்பி அக்காவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னைப் பாவமாகப் பார்த்தாள். "விடுடா. அவரு பேசினதை மனசுல வச்சுக்காத. உனக்குக் கொஞ்ச நாளா வேலை ஜாஸ்தி, அதான் எல்லாம் பெரிசா கேக்குது." என் காதின் மேல் அவளுக்கே பரிதாபம் வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சொல்லித் தடுப்பது? சொல்ல ஒன்றுதான் இருந்தது. அதை அங்கே, என் மனைவிக்கும் அத்தானுக்கும் நடுவில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு ஜாக்கியையும் டூல்ஸ் பையையும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். பையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அத்தான் கறுப்புக்கண்ணாடி, தொப்பி சகிதம் உட்கார்ந்திருந்தார். அக்கா புதுப் புடவையில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் காரின் மூக்குக்கு முன்னால் போய் ஜாக்கியைத் தரையில் வைத்துவிட்டு நின்றேன்.

"தள்ளு" என்றார் அத்தான்.

"ரெண்டு நிமிஷம். சக்கரத்தைத் தூக்கிக் காட்டறேன். அப்புறம் போங்க."

"தள்ளுடா!" ஹாரனை அழுத்திப் பிடித்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"ஏத்திட்டுப் போங்க."

அக்கா ஓடிவந்தாள். "டேய், என்னடா இது? நல்ல நாளும் அதுவுமா. நேத்தே சொன்னேன்ல? அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன, தப்பாப் போச்சு. இன்னைக்கும் தப்பா இருக்கலாம்ல?"

"அன்னைக்குத் தப்பாப் போகலக்கா" என்றேன். "அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

ஹாரன் நின்றது.

"கல்லுதான்னு ஓட்டும்போதே தெரியும். அத்தான் திருப்பி விடணும், மூக்குடையணும்னு வேணும்னே இன்ஜின்னு சொன்னேன். அந்த ஆத்திரத்துல நாலாவது சத்தத்தைப் பாக்கவே இல்ல. அன்னைக்கே பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

அத்தான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கறுப்புக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த முகத்தில் இருபத்தைந்து வருட ஆசை நிறைவேறிய பிரகாசம்.

"இன்னொரு தடவை சொல்லு."

"பொய் சொன்னேன்."

"சத்தமா சொல்லு. எதிர்வீட்டுல கேக்கல."

"பொய் சொன்னேன்! போதுமா? இப்ப ஜாக்கி போடவா?"

"போடு. இதுவும் பொய்யா இருக்கட்டும், அப்புறம் இருக்கு உனக்கு."

இடது முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். நான் தொடவில்லை. தொட்டால் நான்தான் ஆட்டினேன் என்பார். "மேல ஒரு கை, கீழ ஒரு கை வச்சுப் பிடிங்க. உள்ளயும் வெளியயுமா ஆட்டுங்க" என்றேன். புது பேன்ட்டோடு முட்டி போட்டு உட்கார்ந்து பிடித்தார். ஆட்டினார். சக்கரம் அவர் கையில் ஒரு விரல் அளவுக்கு மடங்கி நிமிர்ந்தது. டொக், டொக். டார்ச் அடித்துக் காட்டினேன். குமிழை மூடியிருந்த ரப்பர் கிழிந்து தொங்கியது. உள்ளே துரு, ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. குமிழ் அதன் கிண்ணத்தின் விளிம்பில் தொத்திக்கொண்டு இருந்தது.

அத்தான் மறுபடியும் ஒரு தடவை ஆட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தொப்பி கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"எவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்று கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அதிர்ஷ்டம் இருந்தா மேல ஏறியிருக்கும். இறங்கி வரும்போது தாங்கியிருக்காது."

"சரி. கழட்டு" என்றார். "என்ன வேணுமோ சொல்லு, நான் போய் வாங்கிட்டு வர்றேன்." இத்தனை வருடத்தில் என்னோடு சண்டைக்கு வராமல் அவர் பேசிய முதல் பேச்சு அது. நான் சொன்னதை மறுக்கவில்லை, திருத்தவில்லை. அவருக்கு அத்தாட்சி போதும், சொன்னவன் யாராக இருந்தாலும். அந்த விஷயத்தில் அவர் யோக்கியமான ஆள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன். உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், திட்டினாலும் அணைத்துக்கொள்வாள் என்று இருந்தது.

அவள் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் வாங்கும்போதும் மோட்டார் வாங்கும்போதும் நான் கண்ணைத் திறந்து என்ன சொல்லப் போகிறேன் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை இல்லை. தெருவில் போகிற ஒருத்தனை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிற பார்வை.

"அக்கா, அதான் சரியாகிடும்ல? மத்தியானத்துக்குள்ள மாட்டிடுவேன். நாளைக்குக் கிளம்பலாம்."

"அன்னைக்கு ஷெட்டுல உன் மூஞ்சியையேதான்டா பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். "பொய் சொல்றன்னு எனக்குக் கொஞ்சம்கூடத் தெரியல."

"அது ஒரு தடவைதான்க்கா. ஆத்திரத்துல..."

"நீ பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

வண்டிக்குள்ளிருந்து தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். பூட்டிய கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நான் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி நின்றேன். கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

அத்தான் குனிந்து, தரையில் நான் விட்டிருந்த டார்ச்சை எடுத்தார். "எங்க அடிக்கணும்?" என்று கேட்டார்.